மாட்டுவண்டிச் சக்கரம்

மாட்டுவண்டிச் சக்கரம் நடுவிலுள்ள குடம், ஆரக்கால், விளிம்பு மரத்துண்டான வட்டை, அதைச் சுற்றிய இரும்புப் பட்டா ஆகிய உறுப்புகளைக் கொண்ட மரச்சக்கரம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் 6 வட்டைகளும், வட்டைக்கு இரண்டாக 12 ஆரக்கால்களும் இருக்கும். கருவேல மரம் இதற்கு ஏற்றது. சக்கரம் அச்சிலிருந்து கழலாமல் கடையாணி காக்கும்.

தோற்றம்: கி.மு. 3500ஐ ஒட்டிய காலத்தில் மெசொப்பொத்தேமியாவிலும் ஐரோப்பாவிலும் சக்கர வண்டிக்குச் சான்றுகள் கிடைக்கின்றன. எது முந்தியது என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. சிந்துவெளிச் சுடுமண் வண்டிகளின் சக்கரங்கள் பெரும்பாலும் ஆரமில்லாதவை. சில சக்கரங்களில் காணும் கோடுகள் ஆரக்கால்களைக் குறிக்கலாம் என்ற கருத்து உண்டு. அதை ஏற்காதோரும் உளர்.

சங்க காலம்: இக்காலத்துக்கே செய்திகள் மிகுதி. பெரும்பாணாற்றுப்படை உப்பு வணிகரான உமணரின் வண்டியை உறுப்பு உறுப்பாக விவரிக்கிறது. அதன் குடம் முழுமரத்தில் செய்த முழவு போன்றது. புறநானூறு 102இல் ஔவையார், குறுநில மன்னன் அதியமானின் மகன் பொகுட்டெழினியை வண்டியின் அடியில் கட்டிய சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். எருதுகளோ நுகத்துக்குப் பழகாத இளையவை. வண்டியிலோ பாரம் மிகுதி. வழியோ மேடும் பள்ளமும். அச்சு முறியக்கூடும் என்று எண்ணியே உமணர் மாற்று அச்சைக் கொண்டு சென்றனர். 87ஆம் பாடலில் அதியமானுக்கு உவமையாவது, நாளுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் உழைத்துச் செய்த ஒரு சக்கரம். எட்டு என்பது புலவரின் மிகையாகலாம். நல்ல சக்கரத்துக்கு இருந்த மதிப்பு அதில் தெளிவு. மயிற்பீலியும் அளவு மீறினால் அச்சை முறிக்கும் என்னும் திருக்குறளின் காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு.

இடைக்காலம்: 12ஆம் நூற்றாண்டுத் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் தேர் மண்டபத்தில் ஆரக்கால்களுடன் கற்சக்கரம் செதுக்கப்பட்டுள்ளது.

பராமரிப்பு: பட்டா கட்டுவது தச்சரும் கொல்லரும் சேர்ந்து செய்யும் வேலை. சக்கரத்தைவிடச் சற்றே சிறிதாக அடித்த இரும்பு வளையத்தை வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சுவர். விரிந்த வளையத்தை வட்டைமேல் இறக்கியதும் மரம் புகையும். உடனே தண்ணீர் ஊற்றினால் இரும்பு சுருங்கி, ஆரக்கால்கள் குடத்திலும் வட்டையிலும் அழுந்தி இறுகும். ஆணியால் வராத இறுக்கம் இது. அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த வண்டி மை இடுவர். கோடையில் மரம் உலர்ந்து பட்டா தளர்ந்தால், சக்கரத்தைத் தண்ணீரில் ஊறப்போடுவதும் உண்டு.

அண்மைக்காலம்: 20ஆம் நூற்றாண்டில் பேரிங் பொருத்திய டயர் சக்கரங்கள் வந்தன. இவற்றால் மாடு இழுக்கும் பளு குறைந்தது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என். எஸ். ராமசாமி மாட்டுவண்டிச் சீர்திருத்தத்தை வலியுறுத்தினார். டிராக்டரும் சிறு லாரியும் பெருகியபின் மரச்சக்கர வேலை அருகியது.