சுமை மாறிய கதை: புதுக்கோட்டையில் சமூக மனநலச் சேவையின் வளர்ச்சி

மத்திய அரசின் மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கி, மறு ஆண்டே திருச்சிராப்பள்ளிக்கு வந்தது. 1974-இல் தனி மாவட்டமாகிவிட்ட புதுக்கோட்டை அந்த எல்லைக்கு வெளியே நின்றது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டபின், அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. காப்பகத்தை மூட ஓர் ஆணை போதும். வீடு திரும்பியவருக்கு மாதந்தோறும் மாத்திரை கிடைக்க ஓர் ஏற்பாடு வேண்டும். அத்தகைய ஏற்பாடு புதுக்கோட்டையில் உருவான விதத்தைத் தொழில்நுட்பத்தின் வெற்றியாகச் சொல்வதுண்டு. பயணச் சுமை குடும்பத்தின் தோளிலிருந்து சேவையின் தோளுக்கு மாறியதே அங்கு நிகழ்ந்த அடிப்படை மாற்றம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மனச்சிதைவு நோய்க்குப் பல ஆண்டுகள் மருந்து தேவைப்படும். திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போய்வர நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் பஸ் கட்டணம் ஆகும். ஒரு நாள் கூலியும் போகும். காதில் குரல் கேட்பது நின்று தூக்கம் சீரானதும், இனித் தேவையில்லை என்று பயணம் நின்றுவிடும்; பிறகு நோய் திரும்பும். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் முன்னின்று தொடங்கிய, மனச்சிதைவு நோய்க்கான சென்னைத் தொண்டு நிறுவனமான ஸ்கார்ஃப், 2010-இல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு அனுப்பிய பேருந்து இந்த இடத்தில்தான் குறுக்கிட்டது. வண்டிக்குள் ஓர் ஆலோசனை அறை. திரையில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர் பேசுவார். அவர் எழுதித் தரும் மருந்தை அதே வண்டியின் மருந்தகத்தில் இலவசமாக வாங்கிக்கொண்டு இறங்கலாம். நோயாளிகளைக் கண்டறிந்து, தொடர்ந்து வரவைக்கும் வேலை களப்பணியாளர்களுடையது.

திரையில் பார்ப்பது நேரில் பார்ப்பதற்கு ஈடாகுமா என்ற கேள்வி நியாயமானது. மருந்தால் வரும் கைநடுக்கமும் உடல் விறைப்பும் அருகிலிருப்பவர் கண்ணில்தான் முதலில் படும். ஆகவே திரைக்கு இப்பக்கம் இருக்கும் பணியாளரின் பயிற்சியே இம்முறையின் உயிர். அப்பயிற்சி போதுமா என்பதற்கு 2014-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு ஒரு விடை தருகிறது. காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயுள்ள 282 பேரிடம் அது நடத்தப்பட்டது. வழக்கமான சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களின் கவனிப்பும் 12 மாதங்கள் கிடைத்தவர்களிடம் நோய்க்குறிகளும் முடக்கமும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. பலன் மிதமானதே, ஆனால் நிபுணர் அருகில் இல்லாத ஊரில் அதுவே பெரிது.

நிதி நின்றால் வண்டியும் நிற்கும் என்பதே வலுவான மறுப்பு. அதனால்தான் அரசின் பங்கு இங்கு இன்றியமையாததாகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டுமே ஒருவரை நிறுவனத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. 2018-இல் தமிழக அரசு முன்னெடுத்த அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களில் ஒன்று புதுக்கோட்டையில் அமைந்தது. தெருவில் திரியும் மனநோயாளிகளைச் சேர்த்துச் சிகிச்சை அளித்து உறவினரிடம் ஒப்படைப்பது அதன் பணி. இது பழைய காப்பகத்தின் மறுவடிவம் என்ற ஐயத்தைப் படுக்கை எண்ணிக்கை தீர்க்காது. வீடு திரும்பியவர் ஓராண்டுக்குப் பிறகும் மருந்தில் இருக்கிறாரா என்ற கணக்கே தீர்க்கும். இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகளை 2021 முதல் வீட்டு வாசலில் சேர்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் தமிழக அரசுத் திட்டம் செல்லும் அதே வழியில் மனநோய் மாத்திரையும் செல்ல முடியும். அப்போது புதுக்கோட்டைச் சோதனை ஒரு தொண்டு நிறுவனத்தின் முயற்சியாக நின்றுவிடாமல் அரசின் கடமையாக நிலைபெறும்.