ஒரே விமானம், பல விலை: டிக்கெட் எப்போ எடுக்கணும்?

"ஃப்ளைட் டிக்கெட் எப்போ புக் பண்ணா சீப்?" நீங்க அதிகமா அனுப்பற கேள்வி இதுதான். பதில் சொல்றதுக்கு முன்னாடி எங்க வீட்டுக் கதை ஒண்ணு.

போன வருஷம் ஒரு ராத்திரி பதினோரு மணி. ராயப்பேட்டை மணிக்கூண்டு பக்கத்துல எங்க வீடு. மும்பையிலிருந்து போன்: பெரியப்பா தவறிட்டார். அப்பா காலையில முதல் விமானத்துல கிளம்பியாகணும். லேப்டாப்பைத் திறந்து டிக்கெட் போட்டது நான்தான். 13,800 ரூபாய். விமானத்துல அப்பாவுக்குப் பக்கத்து சீட்ல ஒரு காலேஜ் பையன். ஒன்றரை மாசத்துக்கு முன்னாடியே 4,100 ரூபாய்க்கு எடுத்திருக்கான்.

காரியமெல்லாம் முடிஞ்சு திரும்பி வந்த அப்பா கேட்டார்: "அதே விமானம், அதே மாதிரி சீட்டு. சாவுக்குப் போறவன்கிட்ட எதுக்குடா மூணு மடங்கு வாங்கறான்?"

அன்னிக்கு எனக்கு பதில் தெரியல. தேடிப் போனப்போ கிடைச்ச வரலாறுதான் இந்த எபிசோட்.

இந்தியாவில் விலை இப்படி ஆடாத காலம் ஒன்று இருந்தது. 1953-இல் வந்த சட்டம் தனியார் விமான நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியது. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா. கட்டணம் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் என்பதற்காக மூன்று மடங்கு ஏறாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கட்டணமே நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரம். விமானங்களும் குறைவு. "எப்போ புக் பண்றது?"ங்கற கேள்வியே பெரும்பாலான வீடுகள்ல எழல.

விலை ஆட ஆரம்பிச்சது வெளிநாட்டில். 1972-இல் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட் ஒரு எளிய விதியை எழுதினார். ஒரு சீட்டை இப்பவே 4,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். காத்திருந்தால் கடைசி நேரத்தில் 10,000 கொடுக்க ஒருவர் வரலாம். அவர் வர 50 சதவீதம் வாய்ப்பு இருந்தால் அந்த சீட்டின் மதிப்பு 5,000. அப்போ விற்காதே, வைத்துக்கொள். வாய்ப்பு 30 சதவீதம்தான் என்றால் மதிப்பு 3,000. உடனே விற்றுவிடு. அவ்வளவுதான் கணக்கு. இன்னிக்கு நீங்க பாக்கற விலைகளுக்குப் பின்னாடி ஓடற சாஃப்ட்வேருக்கு இதுதான் அஸ்திவாரம்.

1978-இல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது. 1981-இல் பறக்கத் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் அடிமாட்டு விலைக்கு டிக்கெட் விற்றது. 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பதிலடி கொடுத்தது: அதே மலிவு விலை, ஆனால் முன்கூட்டியே வாங்குபவர்களுக்கு மட்டும், அதுவும் கணக்குப் போட்டு ஒதுக்கிய சீட்டுகளுக்கு மட்டும். மீதி சீட்டுகள் அவசரமாக வரும் ஆபீஸ்காரர்களுக்காகக் காத்திருக்கும். இரண்டு வருஷத்தில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து காணாமல் போனது.

நம்ம ஊருக்கு வருவோம். 1953 சட்டம் 1994-இல் நீக்கப்பட்டது. 2003-இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கினார். 'சூரரைப் போற்று' பாத்திருப்பீங்க, அவரோட கதையைத் தழுவினதுதான். அந்த ஒரு ரூபாய் டிக்கெட் நிஜம். ஆனா முதல்ல வர்ற சிலருக்கு மட்டும். அடுத்தடுத்து வர்றவங்களுக்கு விலை படிப்படியா ஏறும். முதல் முறையா விமானம் ஏறின பலரோட டிக்கெட் செலவுல ஒரு பங்கை, அதே விமானத்துல கடைசி நேரத்துல ஏறினவங்க கொடுத்தாங்க.

இதே ஏணியை 2016 செப்டம்பரில் ரயில்வேயும் ராஜ்தானி, துரந்தோ, சதாப்தி ரயில்களில் கொண்டுவந்தது. 10 சதவீத இடம் விற்கும்போதெல்லாம் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும், தொடக்கத்தில் அதிகபட்சம் ஒன்றரை மடங்கு வரை இருந்தது. வித்தியாசம் என்னன்னா, ரயில்வே அந்த விதியை வெளிப்படையா சொல்லுது, உச்சவரம்பும் வச்சிருக்கு. விமானத்துல விதி நம்ம கண்ணுக்குத் தெரியாது. கொரோனா காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை, உள்நாட்டு விமானங்களுக்கு அரசே கீழ்வரம்பும் மேல்வரம்பும் வைத்திருந்தது. அப்புறம் எடுத்துட்டாங்க.

சரி, எப்போ எடுக்கறது? செவ்வாய்க்கிழமை நள்ளிரவு, இன்காக்னிட்டோ விண்டோ, இதையெல்லாம் நான் விட்டுட்டேன். சீட்டுகள் விலைவாரியா பெட்டி பெட்டியா பிரிஞ்சிருக்கு. மலிவுப் பெட்டி தீர்ந்தா விலை ஏறும். விற்பனை மந்தமா இருந்தா மறுபடி திறக்கும், விலை இறங்கும். அது எந்த நாள்னு வெளியில இருக்கற யாராலயும் உறுதியா சொல்ல முடியாது.

அதனால நான் செய்யறது மூணு. பொங்கல், தீபாவளி, கல்யாணம்னு தேதி மாறாத பயணம்னா சீக்கிரமே எடுத்துடுவேன். நாலு பேருக்குச் சேர்த்துத் தேடறப்போ, ஒருத்தருக்கு மட்டும் என்ன விலைன்னும் பாப்பேன். மலிவுப் பெட்டியில ரெண்டு சீட்தான் மிச்சம் இருந்தா, நாலு பேருக்குமே அடுத்த பெட்டி விலையைக் காட்டலாம். அந்த மாதிரி நேரத்துல ரெண்டு ரெண்டா பிரிச்சு எடுத்தா லாபம். மூணாவது, எனக்குக் கட்டுப்படியாகற விலை வந்ததும் எடுத்துட்டு, அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

ஆனா அப்பாவோட கேள்விக்கு இதுல எதுவும் பதில் இல்ல. சாவுக்கு முன்பதிவு கிடையாது. கணக்குக்கு அவசரம் மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது. ஆபீஸ் மீட்டிங்கும் அண்ணனோட சாவும் அதுக்கு ஒண்ணுதான். அந்தப் பையன் 4,100-க்குப் பறக்க முடிஞ்சதுக்கு அப்பாவோட 13,800-ம் ஒரு காரணம். இதை அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "பையன் போகட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா யாருக்கு அவசரம்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்ச கம்ப்யூட்டருக்கு, எதுக்கு அவசரம்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதா?"

தெரியும். ஏர் கனடா, டெல்டா மாதிரி நிறுவனங்கள் நெருங்கின உறவு இறந்து போறவங்களுக்குன்னு தனிக் கட்டணமே வச்சிருக்காங்க. அதுக்கு ஒரு ஃபார்மும், அதைச் சரிபார்க்க ஓர் ஆளும் வேணும், அவ்வளவுதான். கோட் எழுதறவனா சொல்றேன், இது கஷ்டமான ஃபீச்சரே இல்ல. யாராவது கேட்டாத்தான் லிஸ்ட்ல ஏறும்.