பிளாஷ் ஒளிப்படவியல்

பிளாஷ் என்பது ஒளிப்படம் எடுக்கும் கணத்தில், ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்கு மட்டும் செறிந்த ஒளியைப் பாய்ச்சும் செயற்கை ஒளிமூலம் ஆகும். வெளிச்சம் குறைந்த அறைகளில் மனிதர்களைப் படமெடுக்க இது பெரிதும் பயன்படுகிறது.

வரலாறு

1887 ஆம் ஆண்டில் செருமனியைச் சேர்ந்த அடோல்ஃப் மீதே, யோகன்னசு கெடிக்கே ஆகியோர் மக்னீசியம் கலந்த பிளாஷ் தூளை உருவாக்கினர். நியூயார்க் குடியிருப்புகளின் இருண்ட அறைகளை ஜேக்கப் ரீஸ் இத்தகைய தூளின் துணையுடன் படமெடுத்து, 1890 இல் நூலாக வெளியிட்டார். 1930களில் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் ஹெரால்ட் எட்ஜெர்ட்டன் மின்னணு பிளாஷை வளர்த்தெடுத்தார்.

தொலைவும் ஒளியளவும்

ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது. 2 மீட்டரில் நிற்பவர் மீது விழும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்கே 6 மீட்டரில் உள்ள சுவரை அடையும். நேரடி பிளாஷில் முகம் வெளுத்தும் பின்னணி இருண்டும் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

பிளாஷின் திறன் வழிகாட்டி எண்ணால் குறிக்கப்படுகிறது. இதனைத் தொலைவால் வகுத்தால் தேவையான துளை அளவு கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 100 இல் வழிகாட்டி எண் 32 மீட்டர் எனில், 4 மீட்டர் தொலைவுக்கு எஃப்/8 பொருந்தும்.

எதிரொளிப்பு முறை

சிறிய ஒளிமூலம் கூர்மையான நிழலையும் நெற்றியில் மினுமினுப்பையும் தருகிறது. பிளாஷின் தலையை வெண்ணிறக் கூரை அல்லது பக்கச் சுவரை நோக்கித் திருப்பினால், அப்பரப்பே பெரிய ஒளிமூலமாகி நிழல்கள் மென்மையாகின்றன. வண்ணச் சுவராயின் அதன் சாயல் முகத்திலும் படியும். கூரையிலிருந்து மட்டும் ஒளி விழுந்தால் கண்குழிகள் இருளும். பக்கச் சுவர் இக்குறையைத் தவிர்க்கிறது. இம்முறையில் ஒளியிழப்பு மிகுதி என்பதால் துளையை அகலமாக்குவதோ ஐ.எஸ்.ஓ. அளவைக் கூட்டுவதோ தேவைப்படலாம்.

அறை ஒளியுடன் சமன்செய்தல்

பிளாஷ் ஒளி மிகக் குறுகியது. எனவே ஒத்தியங்கு வேகத்துக்கு உட்பட்ட அளவில், ஷட்டர் வேகம் அறை ஒளியின் பதிவையே மாற்றுகிறது. பல ஒளிப்படக்கருவிகளில் இவ்வேக எல்லை 1/200 அல்லது 1/250 நொடி. 1/30 நொடிக்குக் குறைத்தால் பின்னணி விளக்குகளும் பதிவாகும். இழை விளக்குகளின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 3000 கெல்வின், பிளாஷினுடையது ஏறத்தாழ 5500 கெல்வின். பிளாஷின் மீது செம்மஞ்சள் வடிகட்டியைப் பொருத்தி, வெண்சமநிலையை இழை விளக்குக்கு அமைத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

கண்களில் தோன்றும் ஒளி

பிளாஷ் வில்லைக்கு அருகில் இருக்கும்போது, அதன் ஒளி கண்ணின் உட்புறத்தில் பட்டுத் திரும்புவதால் கண்மணி சிவப்பாகத் தெரிகிறது. இது தீங்கற்றது. பிளாஷை வில்லையிலிருந்து விலக்கினால் இது குறையும்.

மாறாக, குழந்தையின் கண்மணி படத்தில் வெண்மையாகத் தெரிவது விழித்திரைப் புற்றுநோய், கண்புரை போன்றவற்றின் அறிகுறியாக இருக்கலாம். ஒளி விழும் கோணத்தாலும் இவ்வாறு தோன்றக்கூடும். எனினும், குறிப்பாக மீண்டும் மீண்டும் ஒரே கண்ணில் காணப்பட்டால், காலந்தாழ்த்தாது கண் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.