எழுத்தில் ஏறிய பழியும் நெஞ்சில் உறைந்த குற்றமும்

பழி என்பது பிறர் நம்மேல் சுமத்துவது. குற்றவுணர்வு என்பது நம் நெஞ்சே நமக்குத் தருவது. முன்னது ஊரறிய நிகழும். பின்னது ஒருவரும் அறியாமல் வளரும். இவ்விரண்டனுள் எது கொடிது? அமெரிக்க எழுத்தாளர் நத்தானியேல் ஹாதோர்ன் 1850ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ என்னும் புதினம் இவ்வினாவையே எழுப்பியது. இது கற்பனையில் மட்டும் பிறந்த வினா அன்று. அதன் பின்னே ஒரு வரலாறு நிற்கிறது.

கதைக்களம் 1640களின் பாஸ்டன் நகரம். தூய்மை நெறியினரான பியூரிட்டன்கள் 1630இல் அமைத்த குடியிருப்பு. கணவன் உடனில்லாக் காலத்தில் மகவீன்ற ஹெஸ்டர் பிரின், கைக்குழந்தையுடன் தண்டனை மேடையில் நிறுத்தப்படுகிறாள். ‘ஏ’ என்னும் சிவப்பு எழுத்தை வாழ்நாள் முழுதும் மார்பில் அணிய வேண்டும் என்பது தீர்ப்பு. தந்தையின் பெயரைச் சொல்லுமாறு ஊரார் முன்னிலையில் அவளை வேண்டுகிறார் இளம் போதகர் டிம்ஸ்டேல். அவரே அத்தந்தை. அவள் வாய் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை.

புதினம் காட்டும் தண்டனை மிகையன்று. பிறன்மனை கூடலுக்கு மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1631இலேயே மரண தண்டனை விதித்தது. 1644இல் மேரி லேதம், ஜேம்ஸ் பிரிட்டன் என்னும் இருவர் அக்குற்றத்திற்காகவே தூக்கிலிடப்பட்டனர். பின்னர் 1694இல் இயற்றப்பட்ட சட்டம், குற்றவாளியைக் கழுத்தில் கயிற்றுடன் தூக்குமேடையில் ஒரு மணி நேரம் அமர்த்தவும், கசையால் அடிக்கவும், 2 அங்குல உயரமுள்ள ‘ஏ’ எழுத்தை ஆடையில் அணிவிக்கவும் ஆணையிட்டது. பிற்காலச் சட்டத்தின் எழுத்தை முற்காலக் கதைக்குள் கொணர்ந்தார் ஹாதோர்ன்.

வெளிப்பட்ட குற்றத்திற்கு இத்தனை சடங்குகள் வகுத்த அச்சமூகத்தில், வெளிப்படாத குற்றத்திற்கு ஓர் ஒதுக்கிடம் இல்லை. கத்தோலிக்கர் குருவின் செவியில் தனியே பாவம் உரைத்து மன்னிப்புப் பெறலாம். பியூரிட்டன்கள் அம்முறையை விலக்கியவர்கள். அவர்களிடையே சபையார் முன் எழுந்து நின்று அறிக்கையிடுவதே வழக்கம். அதனால் டிம்ஸ்டேலுக்கு இருந்தவை இரண்டே: மேடை, அல்லது மௌனம்.

அவர் மூன்றாவதொன்றைத் தேடினார். தாம் பாவிகளுள் கடையர் என்று பொதுப்படச் சொல்லிச் சொற்பொழிவாற்றினார். மானிடர் யாவரும் பாவிகளே என்று பயின்ற சபை, அதனைப் பணிவு என்று கொண்டு அவரை மேலும் போற்றியது. செயலைப் பெயர் சொல்லிக் கூறாத அறிக்கை, அறிக்கையே ஆகாது என்பதை அவர் நெஞ்சு அறியும். ஆகவே ஒருநாள் நள்ளிரவில், யாரும் காணா நேரத்தில், அதே மேடையில் ஏறி நின்றார். பகலில் ஏறுவதற்கோ ஏழாண்டுகள் ஆயின. ஏறிய அன்றே உயிர் நீத்தார்.

ஹெஸ்டரின் நிலை வேறு. சுமத்தப்பட்ட எழுத்தை அவளே பொன்னிழையால் பூவேலை செய்து அணிந்தாள். நோயுற்றோர்க்கும் வறியோர்க்கும் அவள் ஆண்டுக்கணக்கில் துணை நின்றபின், ஊரார் அவ்வெழுத்துக்கு ‘ஆற்றலுடையவள்’ என்று புதுப்பொருள் கண்டனர். வெளியே தெரிந்த பழிக்கு மாறும் வாய்ப்பு இருந்தது. மறைத்த குற்றத்திற்கு அஃது இல்லை.

ஹாதோர்னுக்கு இஃது அயலார் கதை அன்று. சேலம் நகரில் 1692இல் நடந்த சூனிய வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வழக்குகளை விசாரித்த நடுவர்களுள் ஜான் ஹாதோர்ன் அவருடைய மூதாதை. உடனிருந்த நடுவர் சாமுவேல் சீவல் என்பவர், 1697 ஜனவரி 14இல், பாஸ்டன் கோயிலில் தம் அறிக்கையைப் போதகரிடம் கொடுத்து, அது வாசிக்கப்படும்வரை சபையார் முன் எழுந்து நின்றார். அவ்வழக்குகளின் பழியையும் வெட்கத்தையும் தாமே ஏற்பதாக அவ்வறிக்கை கூறியது. டிம்ஸ்டேல் ஏழாண்டுகள் அஞ்சியதைச் சீவல் உயிரோடு செய்து காட்டினார். ஜான் ஹாதோர்ன் அவ்வாறு எழுந்து நின்றதாகப் பதிவு எதுவும் இல்லை. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், அவருடைய வழித்தோன்றலே புதினத்தின் முன்னுரையில், தம் முன்னோர் பொருட்டு அவ்வெட்கத்தைத் தாம் ஏற்பதாக எழுதினார்.

அவ்வழக்குகளில் 1693இல் தண்டனை பெற்ற எலிசபெத் ஜான்சன் என்னும் பெண்ணின் பெயர், 2022இல்தான் சட்டத்தால் பழி நீக்கப்பெற்றது. ஊர் சுமத்திய பழி நீங்க 329 ஆண்டுகள் ஆயின. நடுவர் ஒருவர் தம் குற்றத்தைக் கூறுவதற்கோ ஒரு தாளும், எழுந்து நிற்கும் துணிவும் போதுமாயிருந்தன. ஓரெழுத்தும் ஒருவரை அழிக்கவோ உயர்த்தவோ வல்லது என்றறிந்த பாவலர்கள், இவ்விரு கணக்குகளையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும்.