யாரை யார் வளர்க்கிறார்கள்?

மென்மையான கதைகளை விரும்பும் அனிமே ரசிகர்கள் ‘உசாகி டிராப்’ பார்த்து முடித்ததும், அடுத்து ‘பராகமோன்’ பாருங்கள் என்று பலரும் கைகாட்டுவார்கள். காரணம் வெளிப்படை. இரண்டிலும் திருமணமாகாத ஓர் ஆண். அவன் வாழ்க்கைக்குள் எதிர்பாராமல் வந்து சேரும் ஒரு சிறுமி. இரண்டுமே மாங்கா எனும் ஜப்பானியப் படக்கதைகளிலிருந்து உருவானவை. பெரியவர்களே குழந்தைக் குரலில் பேசும் வழக்கம் மிகுந்த அனிமேயில், இந்த இரண்டு சிறுமிகளுக்கும் நிஜக் குழந்தைகளே குரல் தந்திருக்கிறார்கள். ஒற்றுமை இவ்வளவுதான். சுமை யார் தோளில் என்று கேட்டால் இரண்டும் வெவ்வேறு திசையில் போகின்றன.

யுமி உனிதாவின் கதையான ‘உசாகி டிராப்’ 2011-இல் 11 அத்தியாயங்களாக வந்தது. தாத்தாவின் இறுதிச்சடங்குக்குப் போகும் 30 வயது டைகிச்சி, அங்கே தாத்தாவுக்குப் பிறந்த 6 வயது ரின்னைப் பார்க்கிறான். முறைப்படி அவள் இவனுக்குச் சித்தி! அவளை யார் வைத்துக்கொள்வது என்று உறவினர்கள் தட்டிக்கழிக்க, கோபத்தில் தானே அழைத்து வந்துவிடுகிறான். கோபம் ஒரு நாளில் தணிந்துவிடும், வளர்ப்பு அப்படியல்ல. குழந்தைகள் காப்பகம், நெரிசல் ரயில், நனைந்த படுக்கை, நள்ளிரவுக் காய்ச்சல் என்று ஒவ்வொன்றும் அவன் நேரத்தைக் கேட்கிறது. கூடுதல் நேர வேலை இல்லாத பிரிவுக்கு அவனே மாற்றல் கேட்டு வாங்குகிறான். இது தியாகமா என்ற கேள்வியும் அவனை விடுவதில்லை. தொடரின் அன்பு இந்தக் கணக்கை மறைக்காததால்தான் நம்பும்படி இருக்கிறது.

கோத்தோ தீவுகளைச் சேர்ந்த சத்சுகி யோஷினோவின் ‘பராகமோன்’ 2014-இல் 12 அத்தியாயங்களாக வந்தது. அழகெழுத்துக் கலைஞன் ஹண்டா, தன் படைப்பைக் குறை சொன்ன முதியவரை அடித்துவிட, அப்பா அவனை அந்தத் தீவுகளில் ஒன்றுக்கு அனுப்பிவைக்கிறார். அவன் குடியேறும் வீடோ ஊர்ப் பிள்ளைகளின் கூடாரம். ஒன்றாம் வகுப்புச் சிறுமி நரு தாத்தாவோடு வாழ்கிறாள். ஆனால் ஊரே அவளைப் பார்த்துக்கொள்கிறது. இங்கே வளர வேண்டியவன் ஹண்டாதான். விழாவில் மோச்சி எனும் அரிசி உருண்டைகளை வாரி வீசும்போது, மேலே பார்த்துக் கைநீட்டிப் பயனில்லை, தரையைப் பார் என்று ஒரு பாட்டி கற்றுத்தருகிறாள். திறமைக்குப் போட்டி போட்டே பழகியவனுக்கு அது கலைப்பாடமும்கூட.

டைகிச்சி கொடுக்கிறான், ஹண்டா பெறுகிறான். நகரத்தில் ஒருவன் தனியே தூக்கும் பாரம், தீவில் முன்பே பலருக்குப் பங்கிடப்பட்டுவிட்டது. ‘பராகமோன்’ வாய்விட்டுச் சிரிக்கவைப்பதும் அதனால்தான். நருவுக்காகத் தன் வேலையையோ இரவுகளையோ ஹண்டா மாற்றியமைக்க வேண்டியதில்லை. அந்த இலகுவே தொடரின் அழகு, எல்லையும் அதுவே.

ஆகவே ரின்னின் சிரிப்புக்காக ‘உசாகி டிராப்’ பிடித்திருந்தால், ‘பராகமோன்’ சரியான அடுத்த தொடர். டைகிச்சியின் களைப்புக்காகப் பிடித்திருந்தால் அது விடுமுறைபோலத் தோன்றும். அப்படியானால், மனைவியை இழந்த ஆசிரியர் ஒருவர் மகளுக்காகச் சமைக்கக் கற்கும் ‘அமாமா டோ இனாசுமா’வை (2016) முதலில் பாருங்கள்.