பல்லுக்கு வந்த சீமெந்து, இடுப்புக்கும் வந்த கதை

பேராதனை என்றதும் பலருக்கும் பல்கலைக்கழகமும் மலர்ப் பூங்காவுமே நினைவுக்கு வரும். இலங்கையின் பல் வைத்தியக் கல்வி 1954இல் கொழும்பிலிருந்து அங்கே இடம்மாறியது. நீண்டகாலம் நாடு முழுவதற்கும் பல் வைத்தியர்களை உருவாக்கித் தந்தது அந்த இடமே. நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடமும் 1962இல் அங்கேயே ஆரம்பமாயிற்று. இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையின் வரலாற்றிலும் பல் வைத்தியத்துக்கும் 1962ஆம் ஆண்டுக்கும் தனியிடம் உண்டு என்பதால் இவற்றைக் குறிப்பிடுகின்றேன்.

பேராதனையில் வசிக்கும் என் தமக்கைக்கு இச்சிகிச்சை அவசியம் என்று வைத்தியர்கள் கூறியபோது, அவர் கேட்ட முதற்கேள்வி: "உடம்புக்குள் வைக்கிற இரும்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?" நியாயமான கேள்வி. அதற்கான விடை இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

தொடையெலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணம் போன்ற குழிக்குள் சுழல்கிறது. இடையிலுள்ள வழுவழுப்பான கசியிழையம் தேய்ந்துவிட்டால் எலும்போடு எலும்பு உராயும். நடப்பது மட்டுமல்ல, உறங்குவதும் வேதனையாகிவிடும். 1890களின் தொடக்கத்திலேயே ஜேர்மனிய வைத்தியர் தெமிஸ்டோக்ளஸ் குளுக், யானைத் தந்தத்தால் மூட்டுகள் செய்து பொருத்திப் பார்த்தார். 1938இல் லண்டனில் பிலிப் வைல்ஸ் உருக்கினால் முயன்றார். எவையும் நிலைக்கவில்லை.

நிலைத்த வெற்றியைக் கண்டவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் பணியாற்றிய ஜோன் சார்ன்லி. அவரும் முதலில் தோற்றவரே. உருக்குத் தலைக்கு டெஃப்லோன் கிண்ணத்தைப் பொருத்தினார். சுமார் 300 நோயாளர்களுக்குப் பொருத்திய பின்னர், அது விரைவாகத் தேய்வதும் தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள திசுவைப் பாதிப்பதும் தெரியவந்தன. அவர் அதை மறைக்கவில்லை. அந்தப் பொருளைத் தமது தொடையிலேயே செலுத்தி விளைவைக் கவனித்தார். பாதிக்கப்பட்டவர்களுக்கு மீண்டும் சத்திரசிகிச்சை செய்தார்.

1962இல் ஒரு விற்பனையாளர் புதுவகைப் பொலிஎதிலீன் துண்டொன்றைக் கொண்டுவந்தார். சார்ன்லி அதை ஒதுக்கிவிட்டார். ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஹரி கிரேவனோ அதை இயந்திரத்தில் இட்டுத் தேய்த்துப் பார்த்தார். டெஃப்லோன் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்குக்கூட, அது மூன்று வாரத்தில் தேயவில்லை! அவ்வாண்டு நவம்பரில் அந்தக் கிண்ணம் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

அதை எலும்பில் நிலைநிறுத்த உதவியதுதான் பல் வைத்தியம். பொய்ப்பற்கள் செய்யப் பயன்பட்ட அக்ரிலிக் சீமெந்தை, மன்செஸ்டர் பல் வைத்தியப் பாடசாலையைச் சேர்ந்த டெனிஸ் ஸ்மித் சார்ன்லிக்கு அறிமுகப்படுத்தினார். அது ஒட்டும் பசையன்று. இடைவெளியை நிரப்பி இறுகப் பிடிப்பது. இன்று சீமெந்து இல்லாத மூட்டுகளும் உண்டு. எனினும் அதன் பயன்பாடு மறையவில்லை.

என் தமக்கையின் கேள்விக்கு வருவோம். அவுஸ்திரேலிய, பின்லாந்துப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வின்படி, மாற்று இடுப்பு மூட்டுகளில் ஏறத்தாழ 58 சதவீதமானவை 25 ஆண்டுகள் தாங்குகின்றன.

சத்திரசிகிச்சை பாதி, மற்றப் பாதி நோயாளருடையது. பெரும்பாலும் அன்றோ மறுநாளோ நடக்க வைக்கிறார்கள். கால்களில் இரத்தம் உறையாதிருக்க இது முக்கியம். எங்கள் வீடுகளில் ஆபத்து, குந்துவதிலும் தாழ்ந்த இருக்கைகளிலும் உள்ளது. புதிய மூட்டு இறுகும்வரை, இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடிப்பதையும் கால்மேல் கால் போடுவதையும் பல வைத்தியர்கள் தடுக்கிறார்கள். குந்தும் மலசலகூடத்துக்குப் பதில் கொமோட், பாய்க்குப் பதில் உயரமான கட்டில், நிலத்தில் இருந்து தேங்காய் துருவுவதற்கு விடுமுறை: இவற்றைச் சிகிச்சைக்கு முன்னரே ஏற்பாடு செய்தல் நன்று. கண்டி மலைப்பகுதியில் படியில்லாத வீடு அரிது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சத்திரசிகிச்சை செய்த கால் முதலில் என்பதை மறக்கலாகாது.

இறந்த பின்னர் மூட்டை எடுத்து ஆராய்வதற்குச் சார்ன்லி நோயாளர்களிடம் முன்கூட்டியே சம்மதம் பெற்றார். பலர் மனமுவந்து கொடுத்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற அந்தத் தேய்ந்த கிண்ணங்களும் சேர்ந்துதான் இன்றைய மூட்டுக்கு ஆயுள் கொடுத்தன. ஆகவே, நோவில்லை என்பதற்காக மீள்பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அந்த எக்ஸ்றேப் படம் உங்களுக்கு மட்டுமன்றி, அடுத்து வருபவருக்கும் உதவும்.