எல்லை வலயப் பயணச்சீட்டு

எல்லை வலயப் பயணச்சீட்டு என்பது இலண்டன் பயண வலயம் ஒன்றின் எல்லையில் இருந்து அதற்கு வெளியே உள்ள தொடருந்து நிலையம் ஒன்று வரை செல்லுபடியாகும் பயணச்சீட்டு ஆகும். வலயத்துக்குள் பயணம் செய்வதற்கு ஏற்கெனவே அட்டை வைத்திருப்போர், வெளியே உள்ள தொலைவுக்கு மட்டும் கட்டணம் செலுத்த இது உதவுகின்றது. இலண்டன் முதியோருக்கு வழங்கப்படும் பிரீடம் பாஸ் எனும் இலவசப் பயண அட்டையுடன் சேர்த்து இது பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றது. இவ்வசதியை அறியாதவர்கள், இலவசமாகக் கடக்கக்கூடிய தொலைவுக்கும் சேர்த்து முழுக் கட்டணம் செலுத்த நேரிடுகின்றது.

பின்னணி

இலண்டனின் பொதுப் போக்குவரத்து, நகர மையத்தைச் சுற்றி வட்டங்களாக அமைந்த பயண வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதன்மையான வலயங்கள் 6 ஆகும். முதலாம் வலயம் நகர மையத்தையும், ஆறாம் வலயம் புறநகரின் விளிம்பையும் குறிக்கின்றன. முதியோருக்கான பயணச் சலுகை 1973 இல் பெரு இலண்டன் அவையினால் தொடங்கப்பட்டது. 1986 இல் அவ்வவை கலைக்கப்பட்ட பின்னரும் சலுகை தொடர்ந்தது. இன்று இதற்கான செலவை இலண்டனின் 32 நகரப் பிரிவுகளும் இலண்டன் மாநகரமும் ஏற்கின்றன.

முன்னர் 60 வயதானோர் இவ்வட்டையைப் பெற முடிந்தது. 2010 முதல் தகுதி வயது அரசு ஓய்வூதிய வயதுடன் சேர்ந்து படிப்படியாக உயர்த்தப்பட்டு, 2020 இல் 66 ஐ எட்டியது. இதனால் இடையில் விடுபட்ட 60 வயதுக்கு மேற்பட்டோருக்காக 2012 இல் தனியான ஆயிஸ்டர் ஒளிப்பட அட்டை ஒன்று அறிமுகப்படுத்தப்பட்டது.

அட்டையின் எல்லைகள்

பிரீடம் பாஸ் வைத்திருப்பவர் இலண்டனின் பேருந்து, சுரங்கத் தொடருந்து, டிராம், எலிசபெத் தடம் ஆகியவற்றில் இலவசமாகப் பயணிக்கலாம். நேசனல் ரெயில் தொடருந்துகளில் பெரும்பாலானவற்றிலும் இலண்டன் வலயங்களுக்குள் அட்டை ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. எனினும் மூன்று வகையான வரம்புகள் உள்ளன.

* நேரம்: வார நாட்களில் இலண்டன் போக்குவரத்து அமைப்பின் சேவைகளில் பொதுவாகக் காலை 9.00 மணிக்குப் பின்னரும், நேசனல் ரெயில் சேவைகளில் பொதுவாகக் காலை 9.30 மணிக்குப் பின்னரும் முதியோர் அட்டை செல்லுபடியாகும். வார இறுதியிலும் பொது விடுமுறை நாட்களிலும் இக்கட்டுப்பாடு இல்லை. 2020 இல் கொரோனாத் தொற்றுக் காலத்தில் கொண்டுவரப்பட்ட காலை நேரக் கட்டுப்பாடு 2023 இல் நிரந்தரமாக்கப்பட்டது.
* இடம்: பெரும்பாலான தடங்களில் ஆறாம் வலயத்தின் இறுதி நிலையத்துடன் அட்டையின் செல்லுபடி முடிகின்றது. சில தடங்கள் விதிவிலக்கானவை. மெட்ரோபொலிட்டன் தடத்தில் அமெர்சாம் வரையும், எலிசபெத் தடத்தில் ரெடிங் வரையும் அட்டையைக் கொண்டு செல்லலாம்.
* சேவை: ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் போன்ற சில சேவைகளில் அட்டை ஏற்கப்படுவதில்லை. ரெடிங் வரையான சலுகையும் எலிசபெத் தடத் தொடருந்துகளுக்கு மட்டுமே உரியது. அதே பாதையில் ஓடும் கிரேட் வெஸ்டர்ன் தொடருந்தில் மேற்கு டிரைட்டன் நிலையத்துக்கு அப்பால் செல்லப் பயணச்சீட்டு தேவை.

இங்கிலாந்தில் 2008 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள நாடளாவிய சலுகைத் திட்டத்தின்படி, இதே அட்டையைக் கொண்டு இலண்டனுக்கு வெளியேயும் உள்ளூர்ப் பேருந்துகளில் இலவசமாகச் செல்லலாம். அச்சலுகை தொடருந்துகளுக்குப் பொருந்தாது. இவ்வேறுபாட்டை அறியாமல், அட்டை நாடெங்கும் தொடருந்திலும் செல்லும் எனக் கருதுவது பொதுவான தவறாகும்.

இணைப்பு விதி

ஒரே பயணத்துக்கு இரண்டு அல்லது மேற்பட்ட பயணச்சீட்டுகளைப் பயன்படுத்துவதை நேசனல் ரெயில் பயண நிபந்தனைகளின் 14 ஆம் விதி அனுமதிக்கின்றது. 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்நிபந்தனைகளின்படி, சீட்டுகள் அனைத்தும் சேர்ந்து முழுப் பயணத்தையும் உள்ளடக்க வேண்டும். பொதுவாக, ஒரு சீட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் நிலையத்தில் தொடருந்து நின்று செல்லவும் வேண்டும்.

இரண்டாவது நிபந்தனைக்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. இணைக்கப்படுவதில் ஒன்று பருவச்சீட்டாகவோ, வலயச்சீட்டாகவோ, சலுகை அட்டை போன்ற பரப்பு சார்ந்த சீட்டாகவோ இருந்து, ஒன்று முடியும் நிலையமும் மற்றது தொடங்கும் நிலையமும் ஒன்றாக இருந்தால், தொடருந்து அந்நிலையத்தில் நிற்க வேண்டியதில்லை. பிரீடம் பாஸ் சலுகை அட்டை என்பதால் இவ்விலக்கு அதற்கும் பொருந்துகின்றது.

எல்லை வலயப் பயணச்சீட்டு இதனை மேலும் எளிதாக்குகின்றது. அச்சீட்டில் தொடக்க இடமாக நிலையம் ஒன்றின் பெயருக்குப் பதிலாக ஆறாம் வலயத்தின் எல்லையே குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே எந்த நிலையத்தில் தொடருந்து நிற்கின்றது என்ற கேள்வி எழுவதில்லை.

எடுத்துக்காட்டுகள்

இலண்டனில் இருந்து பிரைட்டன் செல்லும் பாதையில் ஆறாம் வலயத்தின் இறுதி நிலையம் தெற்கு கோல்ஸ்டன் ஆகும். பிரைட்டனுக்குச் செல்லும் விரைவுத் தொடருந்துகள் அங்கு நிற்பதில்லை. பிரீடம் பாஸ் வைத்திருப்பவர் ஆறாம் வலய எல்லையில் இருந்து பிரைட்டனுக்குச் சீட்டு வாங்கினால், இலண்டனிலேயே விரைவுத் தொடருந்தில் ஏறி, இடையில் இறங்காமல் செல்லலாம். வாட்டர்லூவில் இருந்து கில்ஃபோர்டு செல்வோருக்கும் இதே முறை பொருந்தும். அப்பாதையில் சர்பிட்டன் நிலையம் ஆறாம் வலயத்தில் உள்ளது.

பாத் நகருக்குச் செல்பவர் வேறொரு வழியையும் பின்பற்றலாம். எலிசபெத் தடத்தில் ரெடிங் வரை இலவசமாகச் சென்று, அங்கு தொடருந்து மாறி, ரெடிங்கில் இருந்து பாத் வரைக்கும் மட்டும் சீட்டு வாங்கலாம். இது செலவைக் குறைக்கும். ஆனால் எலிசபெத் தடத் தொடருந்து பல நிலையங்களில் நிற்பதால் பயண நேரம் கூடும்.

முதியோர் தொடருந்துச் சலுகை அட்டை

60 வயதானோர் கட்டணம் செலுத்திப் பெறும் முதியோர் ரெயில்கார்டு, பெரும்பாலான கட்டணங்களில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி அளிக்கின்றது. எல்லை வலயப் பயணச்சீட்டுக்கும் இத்தள்ளுபடி உண்டு. எனவே ஒரே பயணத்தில் இரு சலுகைகளையும் பெறலாம். எடுத்துக்காட்டாக, எல்லையில் இருந்து 12 பவுண்டு கட்டணமுள்ள சீட்டு ஏறத்தாழ 8 பவுண்டுக்குக் கிடைக்கும். எல்லை வரையான பயணம் இலவசமாகும்.

2025 மார்ச்சில் இவ்வட்டையின் ஓராண்டுக் கட்டணம் 30 இல் இருந்து 35 பவுண்டாக உயர்த்தப்பட்டது. ஆகவே ஆண்டொன்றுக்கு 105 பவுண்டுக்கு மேல் பெறுமதியான சீட்டுகளை வாங்குவோருக்கே இது இலாபகரமானது. இலண்டன், தென்கிழக்குப் பகுதிக்குள் மட்டும் அமையும் பயணங்களுக்கு வார நாட்களின் காலை நெரிசல் நேரத்தில் தள்ளுபடி வழங்கப்படுவதில்லை.

கவனத்திற்குரியவை

* இரு அனுமதிகளும் ஏறும் தொடருந்துக்குச் செல்லுபடியாக வேண்டும். வார நாளில் காலை 9.30 மணிக்கு முன் புறப்படும் நேசனல் ரெயில் தொடருந்தில் பொதுவாகப் பிரீடம் பாஸ் செல்லாது. அப்போது எல்லை வரையான பகுதிக்குச் சீட்டில்லாத நிலை ஏற்படும்.
* சீட்டைப் பயணத்தைத் தொடங்கும் முன்னரே வாங்க வேண்டும். இங்கிலாந்தில் செல்லுபடியாகும் சீட்டின்றிப் பயணிப்போருக்கான நேசனல் ரெயில் தண்டக் கட்டணம் 2023 சனவரி முதல் 100 பவுண்டும் ஒருவழிக் கட்டணமும் ஆகும். 21 நாட்களுக்குள் செலுத்தினால் 100 பவுண்டு 50 ஆகக் குறையும்.
* பிரீடம் பாஸில் பணம் ஏற்ற முடியாது. இலண்டனில் அவ்வட்டையைத் தொட்டு நுழைந்து, வெளியே வங்கி அட்டையைத் தொட்டு வெளியேறினால் இரண்டும் ஒரே பயணமாகக் கணக்கிடப்படமாட்டா. தொடுகை முறையில் செலுத்த விரும்புவோர் எல்லைக்குள் உள்ள நிலையத்தில் இறங்கி, வெளியேறி, மீண்டும் வங்கி அட்டையைத் தொட்டு நுழைய வேண்டும்.
* பரிசோதகர் கேட்கும்போது பயண அட்டை, சீட்டு, ரெயில்கார்டு ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும்.

பயணச்சீட்டு அலுவலகங்களும் விவாதமும்

எல்லை வலயப் பயணச்சீட்டுகளை நிலையங்களின் பயணச்சீட்டு அலுவலகங்களில் பெறலாம். எல்லாத் தானியங்கி இயந்திரங்களிலும் இணையத்தளங்களிலும் இவை கிடைப்பதில்லை. இதனால் இச்சீட்டைப் பெறுவது அலுவலகத்தில் பணியாளர் இருப்பதில் பெரிதும் தங்கியுள்ளது.

2023 சூலையில் இங்கிலாந்தின் பெரும்பாலான பயணச்சீட்டு அலுவலகங்களை மூடும் முன்மொழிவு அறிவிக்கப்பட்டபோது, முதியோர் அமைப்புகளும் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தன. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று அம்முன்மொழிவு கைவிடப்பட்டது. ஒரு சலுகை விதியில் எழுதப்பட்டிருப்பது மட்டும் போதாது, அதனைக் கேட்டு வாங்கும் இடமும் இருக்க வேண்டும் என்பதற்கு எல்லை வலயப் பயணச்சீட்டு ஓர் எடுத்துக்காட்டாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

* இலண்டன் பயண வலயங்கள்
* எலிசபெத் தடம்
* ஆயிஸ்டர் அட்டை
* ஐக்கிய இராச்சியத்தில் தொடருந்துப் போக்குவரத்து